சர்க்கரையும் நுரையும் ஒரே டப்பாவில்

குளிக்கும்போது தோலைத் தேய்த்துக் கழுவுவதற்கான, நுரைக்கும் சர்க்கரை ஸ்க்ரப் ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. செய்த அன்று நன்றாக இருப்பது பெரிய காரியம் அல்ல. பல வாரங்கள் கழித்தும் விரலுக்கு நறநறவென்று சர்க்கரை தட்டுப்பட வேண்டும், ஈரத் தோலில் தேய்த்ததும் வெள்ளையாக நுரை எழ வேண்டும், டப்பாவின் அடியில் பாகு தேங்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே கலவையில் கூடிவர நெடுநாள் பிடித்தது. எடைகளும் வெப்பநிலைகளும் மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எண்ணெயும் சர்க்கரையும் மட்டும் கலந்த ஸ்க்ரப் மிக எளிது. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு எண்ணெய் ஊற்றிக் கிளறினால் வேலை முடிந்தது. சர்க்கரை எண்ணெயில் கரையாது என்பதால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் கழுவிய பிறகு உடம்பில் எண்ணெய்ப் படலம் நின்றுவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது தரை. எண்ணெய் வழிந்த குளியலறைத் தரையில் கால் வைப்பது யாருக்கும் ஆபத்து, முதியவர்களுக்கு இன்னும் ஆபத்து. தேய்க்கும்போதே நுரைத்து, எண்ணெயையும் அழுக்கையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகிற ஸ்க்ரப் வேண்டும் என்று நினைத்ததற்கு இதுதான் காரணம்.

சர்க்கரையை விடுவதற்கு எனக்கு மனம் இல்லை. கொட்டை ஓடுகளை அரைத்த தூளின் விளிம்புகள் கூராக இருக்கும். உப்பு, மழித்த தோலிலும் வெடிப்பிலும் எரியும். பிளாஸ்டிக் நுண்மணிகளின் கதை எல்லோருக்கும் தெரியும்: அவை நீர்நிலைகளில் போய்ச் சேர்கின்றன என்பதால், கழுவிவிடும் அழகுப்பொருட்களில் அவற்றைத் தடுத்து அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது, பிரிட்டனில் 2018-இல் தடை நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைந்து மறைந்துவிடும். அதன் அருமையே அதுதான். டப்பாவுக்குள் தொல்லை கொடுப்பதும் அதே குணம்தான். நுரை வர வேண்டுமானால் நுரைக்கும் பொருள் வேண்டும். அது பெரும்பாலும் தண்ணீரோடுதான் வரும். அந்தத் தண்ணீர் சர்க்கரையைக் கரைத்துவிடும். இந்த வேலை முழுக்கத் தண்ணீர்க் கணக்கு என்பதைக் கலவைகள் ஒவ்வொன்றாகப் புரியவைத்தன.

முதல் கலவைகள்

காரத்தில் காய்ச்சிய திரவச் சோப்பு கையில் இருந்தது. அதில் 100 கிராம், சர்க்கரை 200 கிராம், பாதாம் எண்ணெய் 60 கிராம். கிளறிய உடனே பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் மேலே எண்ணெய், நடுவில் வழவழப்பான பாகு, அடியில் கட்டியாக இறுகிய சர்க்கரை என்று மூன்று அடுக்காகப் பிரிந்து நின்றது. கணக்குப் போட்டால் வேறு எதுவும் நடந்திருக்க முடியாது. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். இத்தகைய திரவச் சோப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதில் 60 கிராம் தண்ணீர் இருந்ததென்று வைத்துக்கொண்டாலும் 120 கிராம் சர்க்கரை போய்விட்டது. மிச்சம் இருந்ததும் நீர்த்த கலவையில் மிதக்க முடியாமல் அடியில் இறங்கிவிட்டது. நுரையும் பெயருக்குத்தான் இருந்தது. அவ்வளவு எண்ணெய் இருந்தால் எந்தச் சோப்பும் அடங்கிவிடும்.

தண்ணீர்தான் பகை என்றால் தண்ணீரே இல்லாமல் செய்யலாமே என்று அடுத்து எஸ்.சி.ஐ. தூளை எடுத்தேன். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்பது முழுப்பெயர். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து தயாரிக்கப்படும் நுரைப்பான். ஷாம்பு கட்டிகளில் பெரும்பங்கு இதுதான். நுரை மென்மையாக, அடர்த்தியாக வரும். எண்ணெய்–சர்க்கரைக் கலவையில் இந்தத் தூளை அப்படியே தூவிக் கலந்தேன். எண்ணெயில் அது கரையவில்லை. தோலில் தேய்க்கும்போது ஒரு இடத்தில் நுரை, இன்னொரு இடத்தில் வெறும் எண்ணெய், அங்கங்கே ஒட்டிக்கொண்ட வெள்ளைத் துகள். சர்க்கரை மட்டும் கொஞ்சமும் கரையாமல் இருந்தது. தண்ணீரைக் கட்டுப்படுத்தினால் சர்க்கரை பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எஸ்.சி.ஐ. தூள் காற்றில் எழும்பினால் மூக்கையும் தொண்டையையும் கடுமையாக அரிக்கும், தும்மல் நிற்காது. முகக்கவசம் போடாமல் பையைத் திறக்கவே கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடை போட வேண்டும்.

உருக்கி வார்க்கும் சோப்புக் கட்டியிலும் முயன்றேன். 100 கிராம் சோப்பை உருக்கி, 30 கிராம் எண்ணெய், 200 கிராம் சர்க்கரை சேர்த்து, சிலிக்கான் அச்சில் அமுக்கிவிட்டால் சின்னச் சின்னக் கட்டிகள் கிடைக்கும். ஒரு குளியலுக்கு ஒரு கட்டி. மோசம் என்று சொல்ல மாட்டேன், பயணத்துக்கு எடுத்துப் போக இன்றும் இதைத்தான் செய்கிறேன். சர்க்கரை கொட்டிய வேகத்தில் சோப்பு இறுகத் தொடங்கிவிடுவதால் கை விரைவாக ஓட வேண்டும். நுரை மட்டும் குறைவு, கட்டியும் தோலில் உருண்டு ஓடும். நான் தேடியது விரலால் அள்ளி எடுக்கிற பஞ்சுபோன்ற கூழ்.

அந்தக் கூழ் தயாராகவே கிடைக்கிறது என்று பிறகு தெரிந்தது. அடித்து நுரையாக்குவதற்கென்றே விற்கும் கெட்டியான சோப்புக் கூழ் அது. 200 கிராம் எடுத்து மின்சார பீட்டரால் அடித்து, 15 கிராம் எண்ணெய் விட்டு, 120 கிராம் சர்க்கரை கலந்தால் சில நிமிடங்களில் வேலை ஆகிவிடுகிறது. அவசரமாக யாருக்காவது செய்து கொடுக்க வேண்டும் என்றால் இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். எனக்கு அதில் பயன்பட்டது டப்பாவின் மேல் இருந்த பொருட்பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் அதை அச்சிடுவார்கள். கிளிசரின், தண்ணீர், எஸ்.சி.ஐ., சார்பிட்டால் ஆகியவை முன்வரிசையில் இருந்தன, சற்றுப் பின்னே ஸ்டீரிக் அமிலம் என்ற மெழுகுபோன்ற கொழுப்பு அமிலம். விஷயம் அங்கே திறந்துகொண்டது. எஸ்.சி.ஐ.யைக் கரைக்கிற வேலையில் பெரும்பகுதியைக் கிளிசரினிடம் கொடுத்துவிட்டால் தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிடலாம். கிளிசரினில் சர்க்கரை மிகக் கொஞ்சமே கரையும்.

நிலைத்த அளவு

இப்போது நான் பின்பற்றும் அளவு 500 கிராமுக்கு உரியது. எஸ்.சி.ஐ. மெல்லிய தூள் 75 கிராம், கிளிசரின் 102 கிராம், கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் என்ற திரவ நுரைப்பான் 45 கிராம். இவை கூழின் உடம்பு. அதற்கு முதுகெலும்பாக ஸ்டீரிக் அமிலம் 25 கிராம், மெழுகுபோன்ற சீட்டைல் ஆல்கஹால் 15 கிராம். எண்ணெய் 20 கிராம். கிருமி வளராமல் தடுக்கிற, ஃபீனாக்சி எத்தனால் அடங்கிய பதப்பொருள் 5 கிராம், நறுமண எண்ணெய் 3 கிராம். இதுவரை 290. மீதி 210 கிராமும் சர்க்கரை.

இதில் தண்ணீர் பீட்டெய்ன் வழியாக மட்டுமே வருகிறது. கடையில் விற்கும் பீட்டெய்ன் கரைசலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 45 கிராமில் சுமார் 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அது கரைக்கக்கூடிய சர்க்கரை அதிகபட்சம் 60 கிராம். கிளிசரினும் அதே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உண்மையில் இன்னும் குறைவாகவே கரையும். எப்படியும் 150 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை குருணையாகவே மிஞ்சும். முதல் கலவையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதது தராசு. 0.1 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு இல்லாமல் பதப்பொருளை அளக்க முடியாது. கரண்டி, கோப்பை அளவுகளை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். எஸ்.சி.ஐ. தூளாகவும் வரும், நூடுல்ஸ் வடிவிலும் வரும், செதிலாகவும் வரும். ஒரு கோப்பையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு எடை பிடிக்கும். அடுத்து, முனையைக் கலவையில் அமிழ்த்தும் வெப்பமானி. மின்சார பீட்டர், ஆழமான எஃகுப் பாத்திரம், சிலிக்கான் கரண்டி, முகக்கவசம், கையுறை. பாத்திரம் ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் 290 கிராம் கலவை மெல்லிய படலமாகப் பரவி, பீட்டரின் கம்பிகள் பாதிக்கு மேல் காற்றையே அடித்துக்கொண்டிருந்தன.

எஸ்.சி.ஐ.யைக் கரைப்பது

நேரம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதன்மேல் கலவைப் பாத்திரத்தை வைத்து ஆவிச் சூட்டில் உருக்க வேண்டும். நேரடி அடுப்பில் வைத்தால் அடிப்பகுதி காய்ந்து மஞ்சளாகிறது. கிளிசரினையும் பீட்டெய்னையும் முதலில் ஊற்றி, எஸ்.சி.ஐ.யைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டிகளைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் நசுக்கிக் களிம்பாக்கிக்கொள்கிறேன். ஈரம் பட்ட தூள் பறக்காது என்பதால் முகக்கவசத்தை இதற்குப் பிறகு கழற்றலாம்.

வெப்பநிலை 75-லிருந்து 80 டிகிரி செல்சியஸ். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. தூளுக்குப் பதில் நூடுல்ஸ் எடுத்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்துவதில் பயனில்லை. எஸ்.சி.ஐ. இந்த வெப்பத்தில் தானாக உருகுகிற பொருள் அல்ல, சுற்றியுள்ள திரவத்தில் மெல்ல ஊறிக் கரைகிற பொருள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். இடையில் பாத்திரத்தை மூடிவைக்க வேண்டும். மூடாமல் வைத்த ஒரு கலவையை எடை போட்டபோது 11 கிராம் குறைந்திருந்தது. அத்தனையும் ஆவியாகிப்போன தண்ணீர். தண்ணீர் குறைந்தால் சர்க்கரைக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கலவையில் எஸ்.சி.ஐ. முழுதாகக் கரையாமல் தோலில் குத்துகிற வெண்மணிகளாக நின்றுவிட்டது. அதனால் தொடக்கத்தில் பாத்திரத்தோடு எடை குறித்துக்கொண்டு, முடிவில் குறைந்த அளவுக்குச் சூடான காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் சேர்த்துவிடுகிறேன்.

ஸ்டீரிக் அமிலத்தையும் சீட்டைல் ஆல்கஹாலையும் எண்ணெயோடு சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் உருக்குகிறேன். ஸ்டீரிக் அமிலம் 69 டிகிரி அளவில் உருகும், சீட்டைல் 50 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். இரண்டு பாத்திரங்களும் 75 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே ஒன்றாக ஊற்றிக் கிளற வேண்டும். ஒன்று ஆறியிருந்தால் ஸ்டீரிக் அமிலம் உடனே உறைந்து செதில் செதிலாகப் பிரியும். அப்படி ஆனால் மறுபடி சூடேற்றினால் சரியாகிவிடும்.

முதலில் இந்த இடத்தில் ஸ்டீரிக் அமிலத்துக்குப் பதிலாகக் கோகோ வெண்ணெய் போட்டிருந்தேன். மணமும் வழவழப்பும் அருமை. கோகோ வெண்ணெய் 34-லிருந்து 38 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால், 40 டிகிரி நீரில் டப்பாவை இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தபோது கூழ் தளர்ந்து அமுங்கியது, சர்க்கரை அடிக்கு இறங்கியது. ஸ்டீரிக் அமிலம் சேர்த்த கலவை அதே சோதனையில் அசையவில்லை. ஷியா வெண்ணெயும் ஒத்துவரவில்லை. மெதுவாக ஆறும்போது அதில் சிறுசிறு மணிகள் கட்டுகின்றன. அவை சர்க்கரையா கொழுப்பா என்று விரலுக்குத் தெரியாமல் போகிறது.

அடிப்பது

சூடான கலவையை உடனே அடித்தால் பொங்கி எழும், ஆறும்போது அத்தனை காற்றும் வெளியேறி மெழுகுபோல் அமுங்கிவிடும். முழுக்க ஆறிய பிறகு அடித்தால் பீட்டர் முனகுகிறது, மோட்டார் சூடாகிறது. குமிழைத் தாங்குவது ஆறும்போது உருவாகிற கொழுப்புப் படிகங்கள். அவை உருவாகத் தொடங்கிய பிறகும் இறுகிவிடுவதற்கு முன்பும் அடிக்க வேண்டும். என் கலவைக்கு அது 45-லிருந்து 35 டிகிரி வரை. பாத்திர ஓரத்தில் கலவை பால்வெண்மையாகத் திரளத் தொடங்கும்போது எடுத்துவிடுகிறேன்.

45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முதலில் பதப்பொருளும் நறுமண எண்ணெயும். பிறகு குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம், அதிக வேகத்தில் மூன்று நிமிடம், பத்து நிமிடம் ஓய்வு, ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி அடி. கலவை வெளுத்து, பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, பீட்டரைத் தூக்கினால் கூம்பு நிற்கும். அதோடு நிறுத்தி, மூடி, ஓர் இரவு விட்டுவிடுகிறேன். கூழின் உண்மையான இறுக்கம் மறுநாள்தான் தெரியும். அடித்த அன்று தளர்வாகத் தெரிந்தது காலையில் கெட்டியாக இருக்கும். மறுநாள் இன்னொருமுறை இரண்டு நிமிடம் அடித்து இளக்கிய பிறகே குருணைச் சர்க்கரை.

சர்க்கரை

இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். சாதாரணச் சர்க்கரையை அப்படியே போட்ட டப்பா, அதையே மிக்சியில் இரண்டு சுற்று விட்டு நொறுக்கிப் போட்ட டப்பா, பழுப்புச் சர்க்கரை போட்ட டப்பா என்று ஒரே கூழைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். சாதாரணச் சர்க்கரை முழங்கை, முழங்கால், குதிகாலுக்கு நன்றாக இருக்கிறது. மற்ற இடங்களில் கீறுகிறது. நொறுக்கியது தோலுக்கு இதம், ஆனால் நாளாக ஆக வழவழத்துப்போனது. அதிலிருந்த மாவுபோன்ற பகுதி கரைந்துவிட்டது, அதோடு நுண்ணிய குருணைகளும் கரைந்திருந்தன. பழுப்புச் சர்க்கரை தன்னோடு ஈரம் கொண்டுவருவதால் கூழைத் தளர்த்தியது, நுரையையும் மங்கலாக்கியது.

இதற்குத் தீர்வு தண்ணீர்க் கணக்கிலேயே இருந்தது. தண்ணீர் எவ்வளவு சர்க்கரையைக் கரைக்க முடியுமோ அவ்வளவையும் நாமே முதலில் கொடுத்துவிட்டால், அது குருணையின் பக்கம் போகாது. எனவே 210 கிராமில் 40 கிராமை நைசாகப் பொடித்து, முதல் நாள் கலவை 40 டிகிரியில் இருக்கும்போதே அடித்துக் கரைத்துவிடுகிறேன். மீதி 170 கிராம், மிக்சியில் லேசாக நொறுக்கி, மாவுச் சல்லடையில் சலித்து, தூளை நீக்கி எடுத்த குருணை. சலித்த தூள் அந்த 40 கிராமுக்குப் பயன்பட்டுவிடுவதால் எதுவும் வீணாகாது. பொடி வீட்டில் அரைத்ததாகவே இருக்கட்டும். கடையில் ஐசிங் சர்க்கரை என்று விற்பதில் கட்டிபிடிக்காமல் இருக்க மாவுச்சத்து கலந்திருக்கும்; அது தோலில் பிசுபிசுக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு டப்பாவில் பாகு தேங்குவது நின்றுவிட்டது. இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் யாராவது எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குருணையை மறுநாள், கூழ் 30 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது, மூன்று தவணையாகக் கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும். பீட்டர் கூடாது, அடித்துச் சேர்த்த காற்றெல்லாம் குருணையோடு மோதி உடைந்துவிடுகிறது. கலந்து முடித்ததும் 200 மி.லி. டப்பாவில் சுமார் 150 கிராம்தான் பிடிக்கும். டப்பா வாங்கும்போது எடையைப் பார்க்காமல் கொள்ளளவைப் பார்த்து வாங்க வேண்டும். அகன்ற வாய், தடித்த பிளாஸ்டிக். சோப்புக் கையால் கண்ணாடி டப்பாவைப் பிடிக்க வேண்டாம்.

நுரையை அளப்பது

எண்ணெய் எவ்வளவு வரை சேர்க்கலாம் என்பதை ஊகத்தில் விட மனமில்லாமல் ஒரு சிறு சோதனை வைத்துக்கொண்டேன். மூடியுள்ள ஒடுக்கமான பாட்டிலில் 50 மி.லி. தண்ணீர், 5 கிராம் ஸ்க்ரப், பத்து முறை குலுக்கல், ஒரு நிமிடம் கழித்து அளவுகோலால் நுரையின் உயரம். எண்ணெய் 20 கிராம் இருந்த கலவையில் ஆறு சென்டிமீட்டர். 40 கிராமில் நான்குக்கும் கீழே. 60 கிராமில் மேற்பரப்பில் ஒரு வளையம் மட்டுமே. 20 கிராமில் தோல் வறண்டுபோகிறதா என்றால் இல்லை, ஏனென்றால் கிளிசரின் தாராளமாக இருக்கிறது. சிலருக்கு இன்னும் எண்ணெய்ப்பசை பிடிக்கும். அவர்கள் 30 வரை போகலாம், நுரை குறைவதை ஏற்றுக்கொண்டு.

பி.எச். என்ற அமில-கார அளவையும் தாளில் பார்க்கிறேன். ஸ்க்ரப்பில் ஒரு பங்கை ஒன்பது பங்கு காய்ச்சி வடிகட்டிய தண்ணீரில் கரைத்துத் தாளை நனைத்தால் 5.5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது. தோலுக்கு உகந்த அளவு அதுவே. காரச் சோப்பு கலந்தால் இது 9-க்கு மேல் ஏறிவிடும். அந்தக் காரத்தில் எஸ்.சி.ஐ. நாளடைவில் சிதைந்துபோகும். திரவச் சோப்பையும் எஸ்.சி.ஐ.யையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இது.

பதப்பொருள்

சர்க்கரை அதிகமாக இருந்தால் கெடாது, பாகு கெடுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. டப்பா அலமாரியிலேயே இருந்தால் அந்தப் பேச்சு ஓரளவு சரி. ஆனால் இது குளியலறையில் இருக்கப்போவது. ஒவ்வொரு முறையும் ஈர விரல் உள்ளே போகும், தண்ணீர் தெறிக்கும், மேற்பரப்பில் சர்க்கரை நீர்த்துப்போகும். நுண்ணுயிர்களுக்கு அந்த மேற்பரப்பு போதும். பதப்பொருள் சேர்க்காத ஒரு டப்பாவைத் தெரிந்தே குளியலறையில் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. புள்ளி கண்ணுக்குத் தெரிந்ததால் தூக்கி எறிய முடிந்தது. பாக்டீரியா பெருகினால் கண்ணுக்கே தெரியாது.

வைட்டமின் ஈ பதப்பொருள் அல்ல. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. ஃபீனாக்சி எத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி உச்சவரம்பு 1 சதவீதம். நான் மொத்த எடையில் 1 சதவீதமாக, 500-க்கு 5 கிராம் சேர்க்கிறேன். என் பதப்பொருளில் ஃபீனாக்சி எத்தனாலோடு வேறொன்றும் கலந்திருப்பதால் வரம்பைத் தாண்டுவதில்லை. உங்கள் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் அளவை மீற வேண்டாம். அதோடு, டப்பாவுக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் கரண்டி வைத்து, அதைக் கொண்டே எடுக்கச் சொல்லிவிட்டேன். பழக்கூழ், பால், தயிர் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்கு இந்த அளவு பதப்பொருள் ஈடுகொடுக்காது, தண்ணீர்க் கணக்கும் உடைந்துபோகும். காய்ந்த பூவிதழ்கள் சில நாளில் பழுத்து அழுக்காகத் தெரிகின்றன.

பயன்படுத்தும் முறையில் அதிகம் சொல்ல எதுவும் இல்லை. முன்கையின் உட்புறம் கொஞ்சம் தேய்த்துக் கழுவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. முகத்துக்கு வேண்டாம், சர்க்கரைக் குருணை அதற்குக் கடுமை. புண், தீக்காயம், அன்றே மழித்த இடம் ஆகியவற்றில் படக் கூடாது.

செலவும் அடுத்த கலவையும்

எடையில் பெரும்பங்கான சர்க்கரைக்குச் செலவு மிகக் குறைவு. செலவெல்லாம் எஸ்.சி.ஐ.யிலும் பதப்பொருளிலும் டப்பாவிலும். பதப்பொருளின் மிகச் சிறிய பாட்டில்கூடப் பல கலவைகளுக்கு வரும் என்பதால், ஒரே ஒருமுறை செய்து பார்க்க நினைப்பவருக்குத் தயார்க் கூழ் வாங்குவதே சிக்கனம். தொடர்ந்து செய்பவருக்குத்தான் மூலப்பொருள் வாங்குவது கட்டும். எஸ்.சி.ஐ. வாங்கினால் மெல்லிய தூளாகவே வாங்குங்கள். நூடுல்ஸ் வடிவம் மலிவு என்று வாங்கினால் கரைக்க அடுப்பு எரியும் நேரம் இரட்டிப்பாகிறது. வீட்டு மிக்சியில் அரைத்தாலோ தூள் முழுக்கச் சமையலறையில் பறக்கிறது.

மாற்ற நினைப்பவை சில இருக்கின்றன. ஸ்டீரிக் அமிலம் 25 கிராம் சற்று அதிகம். குளிர்ந்த நீரில் கழுவும்போது தோலில் மெழுகுப் பிடிப்பு லேசாக நிற்கிறது. 18 கிராமுக்கு இறக்கிவிட்டு 40 டிகிரிச் சோதனையை மறுபடி வைக்க வேண்டும். பீட்டெய்னை 45-லிருந்து 35 கிராமாகக் குறைத்தால் தண்ணீர் இன்னும் ஏழு கிராம் குறையும், பொடிச் சர்க்கரையும் 30 கிராம் போதும், மிச்சம் குருணைக்குப் போகும். அந்தக் குறைந்த ஈரத்தில் எஸ்.சி.ஐ. முழுதாகக் கரையுமா என்பதுதான் சந்தேகம். கிளிசரினை 112 ஆக்கி, முதல் நாள் இரவே தூளை அதில் ஊறவைத்துவிட்டு மறுநாள் சூடாக்கிப் பார்க்கப் போகிறேன். 250 கிராம் அளவில் செய்தால் போதும். சரிவராவிட்டால் 37 கிராம் எஸ்.சி.ஐ.யோடு இழப்பு முடிந்துவிடும்.